ஆளுக்கேற்ற பிடி

மாலை வேளைகளில் இரணைமடுக் குளக்கட்டில் உலாவும் வழக்கமுடையேன். அண்மையில் ஒருநாள் அங்கே நம் பழைய மாணவர் ஒருவரைக் கண்டேன். ஆறடி உயரமுள்ள நெடிய உருவினர். வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பிய தள்ளுவண்டியில் தம் குழந்தையை இருத்தித் தள்ளிவந்தார். வண்டியின் கைபிடி அவருடைய இடுப்புக்குச் சற்றுக் கீழே நின்றது. பின்சக்கரத்திற் கால் இடறாதிருக்கக் குறுநடை நடந்து, கூனிக் குனிந்து வந்தவர், என்னைக் கண்டதும் முதுகைப் பிடித்துக்கொண்டே நிமிர்ந்து, "வணக்கம் சேர்" என்றார். சிறிது தூரத்துக்கு மேல் தள்ள முடிவதில்லையென்றும், ஆதலின் பெரும்பாலும் மனைவியே குழந்தையைச் சுமக்கிறாரென்றும் கூறினார்.

அவர் என் வகுப்பிலிருந்த காலத்தில், உயரங் காரணமாகக் கடைசி வாங்கில் இருத்தப்பட்டவர். மேசையோ எல்லார்க்கும் உரிய அதே மேசை. அதன்மேற் குனிந்து எழுதியவரை, "நிமிர்ந்து இரு" என்று நான் பலமுறை கடிந்ததுண்டு. குற்றம் மேசையினது, கண்டனம் மாணவனுக்கு! அன்று எனக்குப் புலப்படாத உண்மை குளக்கட்டிற் புலப்பட்டது. கருவி ஆளுக்கு அமைதல் வேண்டும். ஆள் கருவிக்கு வளைதல் முறையன்று.

இது நமக்குப் புதிய கொள்கையன்று. மண்வெட்டிக்குப் பிடி இடுவோர் வெட்டுவோரின் உயரத்தை நோக்கியே இடுவர். ஏணை கட்டும் தாய், தான் இருந்து ஆட்டுவதற்கு இசைந்த அளவிலேயே கயிற்றை வளையில் முடிப்பாள். யாழ்ப்பாணத்தில் 1987ஆம் ஆண்டு முதல் பணியாற்றிவரும் ஜெய்ப்பூர் நிலையத்தில் செயற்கைக் கால்கள் அவரவர்க்கு அளந்தே செய்யப்படுகின்றன. பிறர் அளவிற் செய்த காலை எவரேனும் அணிவரோ? கடையில் வாங்கும் பொருளென்றதும் மட்டும் இவ்வறிவை நாம் ஏன் மறக்கின்றோம்?

தள்ளுவண்டியின் வரலாறும் இதனையே கூறும். 1733ஆம் ஆண்டளவில் வில்லியம் கென்ற் என்னும் ஆங்கிலேயர் ஒரு பிரபுவின் பிள்ளைகளுக்காக அமைத்த வண்டி, சிறு விலங்கொன்று இழுப்பதற்கென ஆயது. பின்னரே மனிதர் தள்ளும் கைபிடி வந்தது. 1965ஆம் ஆண்டில் ஓவன் மக்லாரன் என்னும் விமானப் பொறியியலாளர், குடைபோல் மடங்கும் இலேசான அலுமினிய வண்டியை உருவாக்கினார். இழுப்பவர்க்கும் தள்ளுபவர்க்கும் ஏற்ப மாறிவந்த வண்டி, நெடியவர்க்காக இன்னும் சிறிது மாறுவதில் தவறென்ன?

வண்டிகள் பலவற்றின் கைபிடி நிலத்திலிருந்து ஏறத்தாழ 40 அங்குல உயரத்தில் உள்ளது. ஆறடி உயரமுள்ளவர் நிமிர்ந்து நின்று கையை மடக்கினால், முழங்கை ஏறத்தாழ 45 அங்குலத்தில் நிற்கும். முழங்கைக்குச் சற்றுக் கீழே கைபிடி அமைவதே தள்ளுவதற்கு இதமானது. இடைவெளி சில அங்குலமே. ஆயினும் அதனை நாள்தோறும் முதுகெலும்பு ஈடுசெய்கின்றது.

"குழந்தைக்காகத் தந்தை குனிந்தால் என்ன?" என்பர் சிலர். குழந்தையை வாரியெடுக்கக் குனிவது அன்பு. வழிநெடுகக் குனிவது நோய். நோவுற்ற தந்தை வண்டியை விட்டு விலக, பாரம் முழுவதும் தாய்மேல் விழுகின்றது. "நம்மூர்க் கிரவல் வீதிக்கு வண்டியே பொருந்தாது, இடுப்பிருக்க வண்டி எதற்கு?" என்பாரும் உளர். சிறிய சக்கரங்கள் கிரவலில் இடறுமென்பது மெய்யே. பெரிய சக்கரமுடையது நன்று. ஆயின் வண்டிகள் நம்மிடம் வந்துவிட்டன. வந்தவற்றை நமக்கு இசைவித்துக்கொள்வதே அறிவுடைமை.

பரிகாரம் எளிது, எனினும் எச்சரிக்கை வேண்டும். நீட்டுக்குழாய்களைப் பட்டியாற் பிணைத்து, புரியாணியால் இறுக்கி, கைபிடியை உயர்த்தலாம். மெல்லிய அலுமினியக் குழாயில் இரும்புக்குரிய ஒட்டுவேலை செய்வதும், கண்டபடி துளையிடுவதும் சட்டத்தைக் கெடுக்கும். மடங்கும் மூட்டு தடைப்படலாகாது. கைபிடி பின்னோக்கி நீளுமாயின் காலுக்கு இடங்கிடைக்கும். அதேவேளை நெம்புகோல் நீள்வதால் வண்டி பின்புறம் கவிழும் அபாயமும் கூடும். ஆதலின் குழந்தைக்கு ஈடான அரிசிப் பொதியை இருத்தி, கைபிடியை அழுத்திச் சோதித்த பின்னரே குழந்தையை இருத்துக. கைபிடியிற் பைகளைத் தொங்கவிடற்க. குளக்கட்டின் சரிவில் தடுப்புக்கட்டையை மறவற்க. மணிக்கட்டு வாரும் துணையாகும். தாய் குட்டையானவராயின் உயர்த்திய பிடி அவரை வருத்தும். ஆதலின் உயர்த்தவும் தாழ்த்தவும் இயலும் அமைப்பே சிறந்தது.

கனடாவிலும் இலண்டனிலும் வாழும் நம் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். ஊருக்கு வண்டி அனுப்ப விழைவீராயின், குழந்தையின் வயதை மட்டும் வினவாதீர். தள்ளுவோர் இருவரின் உயரத்தையும் வினவுக. கைபிடி உயர்த்தத்தக்க வண்டிகள் அங்கே கிடைக்கின்றன. நம் ஊர்ப் பட்டறைக்காரரும் பொறியியல் பயின்ற இளைஞரும் பாதுகாப்பான நீட்டுக்கைபிடியொன்றை ஆக்கித் தருவாராயின், அது சிறு தொண்டாகாது. ஆசிரியராகிய நாமோ, குனிந்திருக்கும் மாணவனைக் கடியுமுன் அவன் மேசையை ஒருமுறை அளந்து பார்ப்போமாக.

அம்மாணவரின் வண்டிக்கு இப்போது பிடி உயர்ந்துள்ளது. சென்ற கிழமை குளக்கட்டின் கோடிவரை அவரே தள்ளிச் சென்றார். அவர் மனைவி வெறுங்கையோடு, நீர்ப்பரப்பை நோக்கியவாறு உடன் நடந்தார்.