கடை போட ஓர் இடம்

நே வின் அரசு 1964-இல் கடைகளை அரசுடைமையாக்கிய பின், பர்மாவிலிருந்து கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய தமிழ்க் குடும்பங்கள் பல வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியமர்ந்தன. மறுவாழ்வுப் பணியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இந்த வீட்டுக் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அக்குடும்பங்களில் பலவற்றைத் தலைநிமிர வைத்தது, கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய நடைபாதையில் கிடைத்த கடைதான் என்பது நம் கணிப்பு. 1969-இல் பர்மா பஜார் அமைந்தது. தாயகம் திரும்பியோருக்கான ரெப்கோ வங்கி தொடங்கியதும் அதே ஆண்டில்தான். விற்க இடமும் முதலுக்குக் கடனும் கிடைத்துவிட்டால், மிச்சத்தை வாடிக்கையாளர் பார்த்துக்கொள்வார். செகண்ட் லைன் பீச் தெருவில் நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், வறுத்த மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து பர்மிய அத்தோ தருகிறார்கள். பக்கத்தில் வாழைத்தண்டு சூப். நின்றபடி சாப்பிடுகிறவர்களில் பர்மாவைப் பார்த்தவர் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்?

பர்மா பஜார் கடத்தல் சரக்குக்குப் பேர்போனதாயிற்றே என்பார்கள். உண்மைதான், ஆனால் இறக்குமதிக்குக் கதவடைத்திருந்த காலத்தில் அந்தச் சரக்கைத் தேடிப்போய் வாங்கியது நகரம் முழுவதும். இதே வழி இன்றைய அகதிகளுக்கும் பொருந்துமா என்றால், இதைவிட வலுவான ஆட்சேபம் சட்டம் சார்ந்தது. பர்மாவிலிருந்து வந்தவர்களைத் தாயகம் திரும்பியோராக அரசு ஏற்றது. 1983-க்குப் பின் வந்த ஈழத்தமிழரோ சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை. 2021-இல் தமிழக அரசு அவர்களது முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, புதிய வீடுகளுக்கும் நிதி ஒதுக்கியது, வரவேற்கிறோம். ஆனாலும் கும்மிடிப்பூண்டி முகாமிலிருந்து பெயிண்ட் வேலைக்குப் போகிறவர், அதிகாரிகள் ஆள் சரிபார்க்கும் செக்கிங் நாளில் கூலியை விட்டுவிட்டு முகாமில் நிற்க வேண்டியிருக்கிறது. வீடு மாறினாலும் இந்தக் கணக்கு மாறாது. குடியுரிமை தில்லியின் கையில். அது வரும்வரை கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதும், மணலி, அம்பத்தூர்ப் பட்டறைகளில் பழகுநராகச் சேர்த்துவிடுவதும் அக்கம்பக்கத்தாரால் ஆகக்கூடியவை.

உள்ளூர் ஏழைக்கே வழியில்லையே என்ற குரலைப் பொறாமை என்று தள்ளுவது தவறு. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து பிழைப்பை இழந்த மீனவர் அதைக் கேட்கத்தான் செய்வார். அகதிக்கென்று தனித் திட்டம் வகுத்தால் இந்த மனக்கசப்பு வளரும். ஒரே வார்டில் இரு தரப்புப் பெண்களும் ஒரே சுயஉதவிக் குழுவில் கடன் வாங்கினால் குறையும் என நம்புகிறோம். நம் களப்பணியாளர்கள் அடுத்த முறை முகாமுக்குப் போகும்போது, கூரை ஒழுகுகிறதா என்பதோடு இவற்றையும் கேட்டுக் குறித்துவரட்டும்: வேலைக்கு எவ்வளவு தூரம் போகிறார்கள், கூலி கையில் வருகிறதா வங்கியில் விழுகிறதா, ஜாமீன் போட முகாமுக்கு வெளியே யாராவது உண்டா.