எட்டாம் தரத்துப் பிள்ளையின் வாயால்

உயிரோடிருக்கும்போதே எழுதிவைக்கும் மருத்துவ உயிலைப் பற்றி எழுதுங்கள் என்று எஹலியகொடை வாசகர் மூன்றாம் முறையாகக் கடிதம் போட்டிருக்கிறார். எழுதத்தான் உட்கார்ந்தேன். இந்திய உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9இல் அதை ஏற்றது. 2023 ஜனவரியில், அதில் மாஜிஸ்திரேட் கையொப்பம் வேண்டாம், நோட்டரியோ கெசட் அதிகாரியோ போதும் என்று இலகுவாக்கியது. நம் இலங்கையில் டொக்டரும் குடும்பமும் பேசி முடிவெடுக்கிறார்கள். எந்த மொழியில் பேசி?

வெற்றிலை பற்றிய பழைய பத்தியில் எழுதினேனே, நாற்பது வருடம் றப்பர்ப் பால் வெட்டிய என் பெரியப்பா, அவருக்கு வாய்ப்புற்று நுரையீரல் வரை போய்விட்டது. இந்த வாரம் வார்ட்டுக்குப் போனபோது அண்ணன் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார். "தோட்டத்து ஆளுங்கன்னா கைவிட்டுருவாங்க" என்றார் அண்ணி. 1948இல் பிரஜாவுரிமையைப் பறிகொடுத்த சனத்தின் பேத்தி அவர். அந்தச் சந்தேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

இருவருக்கும் கடைச் சிங்களம் வரும், ஆஸ்பத்திரிச் சிங்களம் வராது. டொக்டர் சொன்னதைத் தமிழில் சொன்னது, சிங்களப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் தரம் படிக்கும் மகள். "தாத்தாவுக்கு இனி ஒண்ணும் செய்ய மாட்டாங்களாம்."

டொக்டரைத் தேடிப்போய்க் கேட்டேன். இருதயம் நின்றால் நெஞ்சை அமுக்குவதில்லை, குழாய் போடுவதில்லை. வலிக்கு மருந்து கடைசிவரை உண்டு. இதைத்தான் சொல்லியிருக்கிறார். சரியான முடிவுதான். திடீரென்று நின்றுபோன இருதயத்தை அமுக்கி மீட்கலாம். புற்று உடம்பெல்லாம் பரவி, அதனால் நிற்கும் இருதயத்தை அமுக்கினால் விலா எலும்பு உடையலாம். ஆள் திரும்புவது மிக அரிது.

1987இல் தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதினார்கள். நானும் எத்தனை பத்தியில் எழுதிவிட்டேன், வார்ட்டுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வையுங்கள் என்று! மருந்துத் துண்டைப் பிழையாக வாசித்தால் திருத்திக்கொள்ளலாம். சாவைப் பற்றிய பேச்சைப் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றலாமா?

"அப்போ நான் பிழையா சொல்லிட்டேனா சித்தப்பா?" பள்ளிச் சீருடையோடு, ரிப்பன் அவிழ்ந்து நின்றாள்.

"இல்லம்மா."

கட்டிலில் பெரியப்பா கண் திறந்திருந்தது. பேச்சுத்தான் போயிருந்தது, காது நன்றாகக் கேட்கும். அவரிடம் யாரும் கேட்கவேயில்லை. குனிந்து, நம் பேச்சில், எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டேன். நெஞ்சில் கையை வைத்து, வேண்டாமென்று தலையாட்டினார். பிறகு வாசல் பக்கம் விரலை நீட்டினார்.

"லயத்துக்கா?"

ஆமென்றார். வலி மருந்தை வீட்டில் எப்படிக் கொடுப்பது என்று நர்ஸ் மிஸ்ஸிடம் கேட்டு, தமிழில் எழுதி அண்ணியிடம் கொடுத்தேன். அண்ணன் வேனுக்குப் பேசப் போனார்.