மருந்துப் புட்டியும் மக்கள் உயிரும்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற் காட்டிலும் தீப்பெட்டி ஆபீஸ்களிலும் சித்திரை வெயிலில் வியர்வை சிந்தும் ஏழைத் தொழிலாளி, காய்ச்சலோ சீழ்க்கட்டியோ கண்டால் வைத்தியரை நாடுவதில்லை. ஒரு நாட் கூலி போய்விடுமே என்றஞ்சி, கடையில் நான்கு மாத்திரைகளை வாங்கி, இரண்டு மிடறு தண்ணீருடன் விழுங்கிவிட்டு வேலைக்குத் திரும்புகிறான். இஃது அற்ப விஷயமன்று.

கிருமிகளை வெல்லும் மருந்துகளுள் பெரும்புகழ் எய்தியவை ஸல்பா மருந்துகள். 1935-ல் ஜெர்மன் விஞ்ஞானி டோமாக் பிராண்டோஸிலின் குணத்தை வெளியிட்டார். பிரசவ ஜுரத்தால் மாண்டுகொண்டிருந்த தாய்மார்கள் பிழைத்தெழுந்தனர். இந்நன்மையை மறப்பது நன்றிகேடு. ஆனால் 1938-ல் வந்த ஸல்பாபிரிடீன் முதலியவை நீரில் எளிதிற் கரையாதவை. அவை சிறுநீரில் படிகங்களாகிச் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்தன. சிலருக்குச் சிறுநீரில் இரத்தம் கண்டது. சிலருக்கு நீர் அடியோடு நின்றது. வைத்தியர்கள் கண்ட முதற் பரிகாரம் யாது? நிறையத் தண்ணீர்! பின்னர் வந்த ஸல்பா மருந்துகள் நன்கு கரைபவை; எனினும் நீர் வற்றிய உடலுக்கு அபாயம் அடியோடு நீங்கிவிடவில்லை. ஜென்டாமைஸின் போன்ற பிற மருந்துகளும் சிறுநீரகத்தைத் தாக்கவல்லவை. குடிநீருக்கே குடத்துடன் காத்திருந்து பழகிய நம் வறண்ட சீமைக்கு இவ்வெச்சரிக்கை இருமடங்கு பொருந்தும்.

மருந்தின் குற்றத்தினும் கொடியது, அதை விற்போரின் குற்றம். 1937-ல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி ஸல்பா மருந்தை டை-எதிலீன் கிளைகால் என்னும் நஞ்சில் கரைத்து, இனிப்பூட்டி விற்றது. அது நஞ்சா அல்லவா என்று சோதிக்கவேயில்லை. சிறுநீரகம் செயலற்று நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்; அவர்களிற் பலர் குழந்தைகள். சட்டம் அன்று அக்கம்பெனி மீது சாட்டிய குற்றம் யாது? சாராயம் கலவாத திரவத்துக்கு 'எலிக்ஸிர்' என்று பெயரிட்டதே! கொலைக்குத் தண்டனையில்லை, பெயர்ப் பிழைக்கு அபராதம்! அந்த வெட்கத்தினின்றே 1938-ம் வருஷத்து அமெரிக்கச் சட்டம் பிறந்தது. நம் நாட்டில் 1940-ல் மருந்துச் சட்டம் வந்தது.

சட்டம் வந்ததேயன்றிச் சாவு நின்றதா? 1986-ல் பம்பாய் ஜே. ஜே. ஆஸ்பத்திரியில் கிளிஸரினில் கலந்திருந்த இதே நஞ்சால் 14 பேர் மாண்டனர். 2025-ல் நமது காஞ்சிபுரம் ஜில்லாவில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தனர். தமிழ்நாட்டுச் சோதனைச்சாலை அம்மருந்தில் கண்ட நஞ்சு நூற்றுக்கு 48.6 பங்கு. ஆலையின் லைசென்ஸ் ரத்தாயிற்று. மாண்ட மதலைகள் மீளவில்லை.

அந்நியன் ஆண்ட காலத்தில் பழியை அவன்மீது சுமத்தினோம். ஆலையும் நமது, அதிகாரியும் நம்மவர், சட்டசபையும் நமது என்றான பின் யார்மீது பழி சொல்வது? பிணம் விழுந்த பின் லைசென்ஸைப் பறிப்பது நிர்வாகமாகாது. புட்டி கடைக்கு வருமுன் அதைச் சோதிப்பதே நிர்வாகம். சர்க்கார் போதிய இன்ஸ்பெக்டர்களை நியமித்து, ஒவ்வொரு தொகுதி மருந்தையும், அதில் சேரும் திரவங்களையும் சோதிக்கச் செய்யவேண்டும். கிருமிக்கொல்லி மருந்துகளை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாது என்ற விதி ஏட்டில் உறங்கலாகாது.

ஊழியர்களான நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. மேடையில் முழங்குவது மட்டும் தேசத்தொண்டன்று. தொழிலாளியை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவனுக்குச் சிகிச்சைக்கு ஒரு நாள் விடுமுறையும், வேலைத்தலத்தில் ஒரு பானைக் குடிநீரும் முதலாளியிடம் கேட்டு வாங்குங்கள். அது சலுகையன்று; உரிமை. தன் குடிகளின் உயிரைக் காக்காத சுயராஜ்யம், பெயர்ச்சீட்டு மாத்திரம் ஒட்டிய வெறும் புட்டியே.