பிளாக்டு அக்கவுண்ட்ல 11,904 யூரோ இருக்கு... ஆனா தம்பிக்குத் தங்க ரூம் இல்ல!

போன வாரம் வீடியோவுல ஜெர்மனி படிப்புச் செலவு பத்திப் பேசியிருந்தோம். அதுல நேரம் பத்தாம விட்டுப்போன ஒரு விஷயத்தை இங்க எழுதுறேன். என்னைக் கேட்டா அதுதான் முக்கியமான விஷயம்.

அம்பாசமுத்திரத்துல எங்களுக்குத் தூரத்துச் சொந்தம் ஒரு அண்ணாச்சி இருக்காங்க. மகன் ஜெர்மனிக்கு எம்.எஸ். படிக்கப் போயிருக்கான். ஆத்துப் பாசன வயல்ல ஒரு பகுதியை அடமானம் வச்சு, பிளாக்டு அக்கவுண்ட்டுக்கு முழுப் பணமும் கட்டி அனுப்பி வச்சாங்க. பையன் போய் இறங்கி பத்து நாள் கழிச்சு, ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு போன் வருது.

"தம்பி, பன்னெண்டு லட்சம் கட்டியிருக்கேன். பய தங்க இடமில்லாம ஹாஸ்டல் ஹாஸ்டலா பெட்டியைத் தூக்கிட்டு அலையுதான். அந்தப் பணத்தை எடுக்க முடியாதாம். இது என்ன நியாயம்?"

நியாயம் இல்லதான். ஆனா சட்டம் அப்படித்தான். கிளம்புறதுக்கு முன்னாடி அதை அவங்களுக்கு யாரும் சொல்லல. இந்தப் பதிவு அதுக்குத்தான்.

பூட்டின பெட்டியில இருக்கிற பணம்

மாணவர் விசாவுக்கு ஜெர்மனி கேக்கிற தொகை 2024 செப்டம்பர்ல இருந்து வருஷத்துக்கு 11,904 யூரோ. இதை மொத்தமா எடுக்க முடியாது. மாசம் 992 யூரோ மட்டும்தான் வெளிய வரும். அதுவும் பையன் அங்க போய் வங்கிக் கணக்கு திறந்து, காகிதங்களைக் கொடுத்த பிறகுதான்.

ஆனா வீடுங்கறது மாசாமாசம் பிரிச்சுச் செலவு பண்ற விஷயம் இல்ல. முதல் மாசத்துலயே பெருசா ஒரு அடி அடிக்கும். டெபாசிட், முதல் வாடகை, மெத்தை, பாத்திரம் எல்லாம் ஒரே நேரத்துல வந்து நிக்கும். 992 யூரோ அதுக்கு எப்படிப் பத்தும்?

"பார்ட் டைம் வேலை பார்த்து சமாளிச்சுக்குவான்"னு நம்ம ஊர்ல எல்லாரும் சொல்றாங்க. வேலைக்கு அனுமதி இருக்கு. வருஷத்துக்கு 140 முழு நாள் வரைக்கும் பார்க்கலாம். ஆனா அங்க நடக்கிற வரிசையைக் கொஞ்சம் கவனிங்க. வீடு கிடைச்சு குடியேறி ரெண்டு வாரத்துக்குள்ள நகர அலுவலகத்துல முகவரியைப் பதியணும். இதுக்குப் பேரு அன்மெல்டுங். அதுக்கு வீட்டு ஓனர் கையெழுத்துப் போட்ட உறுதிக் கடிதம் வேணும். இந்தப் பதிவு முடிஞ்ச பிறகுதான் வரி எண் வரும். அந்த எண் இல்லாம வேலைக்குச் சேர்ந்தா சம்பளத்துல வரிப் பிடித்தம் அதிகமா இருக்கும். குடியிருப்பு அனுமதிக்கும் இதே முகவரிதான் கேப்பாங்க.

வீடு இல்லைன்னா இந்த வரிசையில எதுவும் நகராது.

என்னோட கணக்கு: கையில தனியா 3 லட்சம்

விசாவுக்குக் காட்டுற பணம் வேற, போய் இறங்கிக் குடியேற வேண்டிய பணம் வேற. ரெண்டாவதுக்கு நான் வச்சிருக்கிற பேரு "இறங்கு பணம்". சுமாரான வாடகை உள்ள ஊருக்குக் கணக்குப் போடுவோம்:

- வீடு தேடுற மூணு வாரத் தற்காலிகத் தங்கல்: 500 யூரோ
- டெபாசிட், மூணு மாச வெறும் வாடகை (350 × 3): 1,050 யூரோ
- முதல் மாச வாடகை, ஹீட்டிங் சேர்த்து: 450 யூரோ
- மெத்தை, போர்வை, பாத்திரம்: 300 யூரோ
- முதல் மாசச் சாப்பாடு, சில்லறைச் செலவு: 300 யூரோ
- செமஸ்டர் கட்டணம், ஹெல்த் இன்சூரன்ஸ்: 400 யூரோ

மொத்தம் 3,000 யூரோ. கணக்குக்கு ஒரு யூரோ 100 ரூபாய்னு வச்சா 3 லட்சம். மியூனிக் மாதிரி ஊர்னா இது பத்தாது. அங்க ஒரு ரூமே 800 யூரோ பக்கம் போகுது, அதாவது மாசம் வர்ற 992-ல பெரும்பகுதி. காலேஜ் தேர்ந்தெடுக்கும்போதே அந்த ஊர் வாடகையையும் பாருங்கன்னு நான் கத்துறது இதனாலதான்.

இந்த 3 லட்சத்துல 1,050 யூரோ டெபாசிட் செலவே இல்ல, காலி பண்ணும்போது திரும்ப வர்ற பணம். குடியேறுற அன்னைக்கே சுவர், தரை, அடுப்பு எல்லாத்தையும் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்க.

சட்டம் நம்ம பக்கம் இருக்கு, தெரிஞ்சுக்கணும்

பாளையங்கோட்டையில வீடு பார்க்கும்போது அட்வான்ஸ் எவ்வளவுன்னு பேரம் பேசுவோம். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூணு மாச வாடகைதான் வரம்புன்னு சொல்லுது. ஆனா ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதிக்கிட்டா அந்த வரம்பு செல்லாது. ஜெர்மனியில அப்படி இல்ல. ஹீட்டிங், தண்ணி மாதிரி செலவுகள் சேர்க்காத வெறும் வாடகையில மூணு மாசத்துக்கு மேல டெபாசிட் வாங்கவே கூடாது. அதையும் மூணு சம தவணையா மாசாமாசம் கட்டற உரிமை வாடகைதாரருக்கு இருக்கு. அண்ணாச்சி மகனுக்கு இது தெரியாது. ஓனர் மொத்தமா கேட்டதும் "காசில்ல"ன்னு நல்ல ரூமை விட்டுட்டு வந்துட்டான்.

அதை விடக் கொடுமை அடுத்தது. அவசரத்துல ஆன்லைன்ல ஒரு ரூம் பார்த்திருக்கான். போட்டோ அழகு, வாடகை கம்மி. ஓனர்னு சொன்ன ஆள் "நான் வெளிநாட்டுல இருக்கேன், டெபாசிட் அனுப்பு, சாவி கூரியர்ல வரும்"னு சொல்லியிருக்கான். 600 யூரோ போச்சு. சாவி இன்னும் வரல.

நேர்லயோ, நம்பிக்கையான சீனியர் மூலமாவோ, வீடியோ கால்லயோ வீட்டைப் பார்க்காம, ஒப்பந்தம் கையில வராம, ஒரு யூரோ கூட அனுப்பக் கூடாது. "அன்மெல்டுங்குக்கு முகவரி மட்டும் தர்றேன், காசு கொடு"ன்னு ஒருத்தன் வந்தாலும் ஓடிருங்க. குடியிருக்காத முகவரியைப் பதியறது சட்டவிரோதம், அபராதம் ரொம்பப் பெருசு.

கிளம்புறதுக்கு முன்னாடி

அட்மிஷன் வந்த அன்னைக்கே ஸ்டுடென்டன்வெர்க் ஹாஸ்டலுக்கு விண்ணப்பம் போடுங்க, விசா வரட்டும்னு காத்திருக்காதீங்க. அக்டோபர்ல எல்லாரும் ஒரே நேரத்துல வந்து இறங்குறதால வரிசை நீளம். கிடைக்கலைன்னா, ஊருக்குப் போற மாணவர் சில மாசத்துக்கு விடற உள்வாடகை ரூம் பாருங்க. முகவரியைப் பதிய அனுமதி உண்டான்னு முதல்லயே எழுத்துல கேளுங்க. குடியேறின பிறகு டிவி இருந்தாலும் இல்லாட்டியும் வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் உண்டு. அது ஆளுக்கு இல்ல, வீட்டுக்கு. ரூம்மேட்களோட பங்கு போட்டுக்கலாம்.

கல்விக் கடன் எடுக்கிறவங்க, இறங்கு பணத்தையும் சேர்த்தே கேளுங்க. சொந்தப் பணம் அனுப்பினா நிதியாண்டுல 10 லட்சத்துக்கு மேல போற தொகைக்கு டிசிஎஸ் பிடிப்பாங்க. பிளாக்டு அக்கவுண்ட்டே அந்த வரம்பைத் தாண்டிடும், ஞாபகம் வச்சுக்கோங்க. வருமான வரித் தாக்கல்ல அது கழியும், ஆனா அதுவரைக்கும் பணம் முடங்கும்.

கடைசியா ஒண்ணு, கோவிச்சுக்காதீங்க. பிள்ளை வெளிநாடு போறான்னா நம்ம ஊர்ல ஃபிளெக்ஸ் வைக்கிறோம், சொந்தக்காரங்களுக்கு விருந்து வைக்கிறோம், ரெண்டு வேன் பிடிச்சு திருவனந்தபுரம் ஏர்போர்ட் வரைக்கும் போறோம். சந்தோஷம்தான், வேண்டாம்னு சொல்லல. ஆனா அந்தச் செலவுல பாதியை அவன் ஃபாரெக்ஸ் கார்டுல போட்டு அனுப்பியிருந்தா, அண்ணாச்சி மகன் ஓனர் முன்னாடி தலைகுனிஞ்சு நின்னிருக்க மாட்டான்.

இப்ப அவனுக்கு ரூம் கிடைச்சிருச்சு. டெபாசிட்டை மூணு தவணையா கட்டுறான். அண்ணாச்சி அதுக்காக மறுபடி வட்டிக்கு வாங்கினாங்க. முதல்லயே கணக்குல சேர்த்திருந்தா கடன் வட்டியில வந்திருக்கும், கந்து வட்டியில இல்ல.

உங்க வீட்டுல யாராவது வர்ற செமஸ்டருக்குக் கிளம்புறாங்கன்னா, இன்னைக்கு ராத்திரியே அவங்களோட உக்காந்து மேல இருக்கிற கணக்கை அந்த ஊர் வாடகையை வச்சுப் போட்டுப் பாருங்க. அடுத்த வீடியோவுல சந்திப்போம்.