கயிறு கத்துமா, ராட்டினம் கத்துமா?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சிங்கப்பூரின் தேக்கா நிலையத்தில் கார் நிறுத்த இடம் தேடியவர்களுக்கு அந்தப் பாடு தெரியும். இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. பஃபலோ ரோட்டில் வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. அம்மாவுக்குக் காற்று வேண்டும் என்று கண்ணாடியை இறக்கினேன். காற்றோடு சேர்ந்து என் காரின் சத்தமும் உள்ளே வந்தது. பூக்கடையில் மல்லிகை அளந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"என்னடி இது, நம்ம வீட்டுக் கெணத்து ராட்டினம் மாதிரி கத்துது?" என்றார் அம்மா.

"பெல்ட்டும்மா. போன மாசம்தான் புதுசா மாத்தினேன்."

"கயிறு எங்கயாவது கத்துமா? ராட்டினம்தான் கத்தும்."

மாயவரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருபது வயது வரை தண்ணீர் இறைத்தவர் அம்மா. கார் ஓட்டத் தெரியாது. எஞ்சினைப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் சொன்னதுதான் சரி. அதற்கு முந்தைய மாதம் நான் காசு கொடுத்து மாற்றிய பெல்ட்டுக்கும் அந்தச் சத்தத்துக்கும் தொடர்பே இல்லை. பணிமனையில் நான் சொன்னது ஒரே வார்த்தை: "சத்தம் வருது." பானட்டைத் திறந்தவர் எட்டிப் பார்த்தார். "பெல்ட் பழசு" என்றார். மாற்றினார். இரண்டு வாரத்தில் சத்தம் திரும்பி வந்துவிட்டது.

பெல்ட் என்று சொல்லும்போது எது என்று சொல்லிவிட வேண்டும். எஞ்சினுக்கு வெளிப்பக்கம், பாம்பு வளைந்து ஓடுவதுபோல் பல புல்லிகளைச் சுற்றி ஓடும் நீளமான ரப்பர்ப் பட்டையைச் சொல்கிறேன். எஞ்சின் சுழலும் வேகத்தை எடுத்து ஆல்டர்னேட்டருக்கும் ஏர்கான் கம்ப்ரசருக்கும் கொடுப்பது அது. பல கார்களில் வாட்டர் பம்ப்பையும் அதுவே சுற்றுகிறது. ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டிகளில் அதன் பம்ப்பையும். ஊரில் இன்னும் இதை ஃபேன் பெல்ட் என்றே சொல்கிறோம். பெரும்பாலான கார்களில் ரேடியேட்டர் விசிறி இப்போது தனி மோட்டாரில் ஓடுகிறது. பழைய பெயர் மட்டும் பெல்ட்டோடு ஒட்டிக்கொண்டது. மூடிக்குப் பின்னால் ஓடும் டைமிங் பெல்ட் வேறு கதை. அதை இங்கே கலக்கவில்லை.

என் காருக்கு வயது பன்னிரண்டு. பத்தாண்டு முடிந்ததும் வாகன உரிமைச் சான்றிதழான சிஓஇயைப் புதுப்பித்து வைத்திருக்கிறேன். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சிஓஇ மட்டுமே 106,000 வெள்ளியைத் தொட்ட ஊர் இது. ஓடுகிற வண்டியை விட்டுவிட எனக்கு மனமில்லை. பத்து வயது தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை உண்டு. சாலை வரியில் 10 விழுக்காடு கூடுதல் கட்டணம் தொடங்கி, ஆண்டுக்கு 10 விழுக்காடாக ஏறி 50 வரை போகும். இத்தனையும் கட்டி ஓட்டுகிறவரிடம், வண்டி கொஞ்சம் சத்தம் போட்டதும் "வயசாயிடுச்சு, ஸ்க்ராப் பண்ணிடு" என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். இந்தப் பேச்சு எனக்கு எரிச்சலூட்டுகிறது. ஒரு பேரிங்கில் கிரீஸ் வற்றியதை வண்டிக்கே வயதானதாக எடுத்துக்கொள்வது தவறு.

தேக்காவிலிருந்து திரும்பியதும், தெரிந்தவர் சொல்லி, காக்கி புக்கிட்டில் வேலை பார்க்கும் ஒரு போர்மேனிடம் போனேன். மலேசியாவில் மெக்கானிக்கைப் போர்மேன் என்றுதான் சொல்வார்கள். தினமும் ஜொகூர் பாருவிலிருந்து மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து வருகிறவர். அறுபதை நெருங்கும் வயது. அவர் பானட்டைத் திறக்கவில்லை. முதலில் கேள்விதான் கேட்டார்.

"சத்தம்னா எந்தச் சத்தம் தங்கச்சி? கீச்சு கீச்சுனு விட்டு விட்டு வருதா, கிரீச்சுனு இழுக்குதா, கரகரங்குதா? காலையில ஸ்டார்ட் பண்ணும்போதா, மழைக்கப்புறமா, ஏர்கான் போட்டாத்தானா?"

இத்தனை ஒலிக்குறிப்புச் சொற்கள் தமிழில் இருக்க, நான் "சத்தம்" என்ற ஒன்றோடு போய் நின்றிருக்கிறேன். அவர் சொல்லிக்கொண்டே வந்ததை அப்படியே குறித்துக்கொண்டேன்.

கிரீச்சென்று நீளமாக இழுத்தால் பெல்ட் வழுக்குகிறது. சுமை கூடும் நேரத்தில்தான் இது வரும். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும்போது, ஸ்டார்ட்டர் தின்ற மின்சாரத்தை ஈடுகட்ட ஆல்டர்னேட்டர் கனமாக உழைக்கும். அந்தச் சில நொடிகள் பெல்ட் கத்திவிட்டு அடங்கினால் அதன் இழுவிசை போதவில்லை. ஏர்கான் பட்டனை அழுத்தியதும் கத்தினாலும், ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடித்துத் திருப்பும்போது கத்தினாலும் அதே பொருள்தான். பெல்ட் தேய்ந்திருக்கலாம், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், எண்ணெயோ கூலன்ட்டோ கசிந்து பட்டிருக்கலாம். வடகிழக்குப் பருவமழையில் தேங்கிய தண்ணீரில் ஓட்டிவிட்டு வந்து கத்தினால் மட்டும் உடனே பதற வேண்டாம். காய்ந்ததும் நிற்கிறதா என்று பார்க்கலாம்.

கீச் கீச் என்று, ஆர்ச்சர்ட் சாலை மரங்களில் மாலையில் அடையும் மைனாக்கள்போல், விட்டு விட்டு வந்தால் வேறு. எஞ்சின் வேகத்தோடு அந்தக் கீச்சும் நெருக்கமாகும். ஏதோ ஒரு புல்லி மற்றவற்றோடு நேர்கோட்டில் இல்லை என்று அர்த்தம். புது பெல்ட் போட்டால் சில நாள் அடங்கி மறுபடி கிளம்புவதும் இதன் இயல்பு.

இந்த இரண்டையும் பிரிக்க அவர் வைத்திருந்த கருவி ஒரு தண்ணீர்ப் பாட்டில். எஞ்சின் ஓடும்போது, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, பெல்ட்டின் வரி உள்ள பக்கத்தில் கொஞ்சம் பீய்ச்சுவார். சத்தம் கூடினால் வழுக்கல். சற்று நேரம் நின்று திரும்ப வந்தால் புல்லி நேராக இல்லை. என் காரில் தண்ணீர் பட்டும் எந்த மாற்றமும் இல்லை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"அப்ப பெல்ட்டு மேல தப்பில்ல" என்றார்.

பிறகு நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்தார். முனையைச் சுழலாத பாகத்தில், ஒவ்வொரு புல்லியின் அருகிலும் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்டார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைப்பதுபோல்தான். ஆல்டர்னேட்டர் சுத்தம். வாட்டர் பம்ப் சுத்தம். பெல்ட்டுக்கு வழிகாட்டுவதற்காக மட்டும் இருக்கும் ஐட்லர் புல்லிக்கு வந்ததும் என்னையும் கேட்கச் சொன்னார். துப்பட்டாவைக் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் அருகில் விட்டார். மணலை அரைப்பதுபோல் கரகரவென்று காதுக்குள் இறங்கியது.

எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு புல்லியையும் விரலால் சுற்றிக் காட்டினார். நல்ல புல்லி கனமாக, ஓசையில்லாமல் ஒரு சுற்று சுற்றி நின்றது. கெட்டது விடாமல் ஓடிக்கொண்டே இருந்தது. நன்றாகச் சுற்றுகிறதே என்று நான் நினைத்தேன். தவறு. உள்ளே கிரீஸ் இல்லாததால்தான் அத்தனை எளிதாக ஓடுகிறது. ஆட்டிப் பார்த்தால் லேசாக நொடித்தது. அம்மா சொன்ன ராட்டினம் அதுதான்.

கிணற்று ராட்டினமாக இருந்தால் அச்சில் ரெண்டு சொட்டு எண்ணெய் விடுவார்கள். இங்கே அதைச் செய்துவிடாதீர்கள். புல்லிக்குள் இருக்கும் இந்தப் பேரிங் மூடி அடைத்தது. எண்ணெய் உள்ளே போகாது, பெல்ட்டில்தான் சிந்தும். பெல்ட்டில் சோப்புக் கட்டி தேய்ப்பது, சத்தம் நிறுத்தும் ஸ்பிரே அடிப்பது எல்லாம் கேட்கும் காதை மட்டும் அமைதிப்படுத்தும். தூசியை ஒட்டவைத்துப் பெல்ட்டைக் கெடுக்கும்.

இன்னொன்றும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. வெடிப்பு விழுந்தால் பெல்ட் போய்விட்டது என்பது பழைய ரப்பரின் கணக்கு. 1990களின் பிற்பகுதியிலிருந்து பரவலான இபிடிஎம் ரப்பர் எளிதில் வெடிக்காது, டயர்போல் தேயும். வரிகளின் பள்ளம் அகன்று, பெல்ட் புல்லிக்குள் அமிழ்ந்து, பிடிப்பு போகும். அதனால் "வெடிப்பே இல்லை, நல்லாத்தான் இருக்கு" என்பதையும் நம்ப முடியாது. வரியின் ஆழத்தை அளந்து பார்க்க வேண்டும்.

புறக்கணித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். பேரிங் இறுகினால் பெல்ட் அறுந்துவிடும். அறுந்தவுடன் பேட்டரி விளக்கு எரியும். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் இருந்தால் சில நிமிடங்களில் எஞ்சின் கொதிக்கும். கேபிஇ விரைவுச்சாலையில் சுமார் 9 கிலோமீட்டர் சுரங்கம். அதன் நடுவில் இப்படி நிற்பதை எண்ணிப் பாருங்கள். விரைவுச்சாலையில் நின்ற வண்டியை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம் அருகில் உள்ள குறிப்பிட்ட கார் நிறுத்தம் வரை இலவசமாக இழுத்துச் செல்லும். ஆனால் வெந்துபோன எஞ்சினுக்கு யார் பொறுப்பு?

ஐட்லர் புல்லியை மாற்ற அரை மணி நேரம் ஆனது. போன மாதம் போட்ட பெல்ட்டையே திரும்ப மாட்டினார்.

பணிமனைக்குப் போகும்முன் இரண்டு நாள் கவனியுங்கள். எப்போது கத்துகிறது, எதை இயக்கினால் கூடுகிறது, கீச்சா கிரீச்சா கரகரவா என்று எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்தால் இன்னும் நல்லது. பெல்ட்டைக் கழற்றிப் புல்லிகளைச் சுற்றிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி, விரலில் வைத்து நீங்களே ஒரு முறை சுற்றிப் பாருங்கள்.