மேடை உடுப்பிலிருந்து எதை எடுப்பது?

கூத்துக் கிரீடத்தின் படத்தைச் சட்டையில் அச்சடித்ததும் கூத்து உடையிலிருந்து புது வடிவம் பிறந்துவிட்டதாக நம் துறையில் பலர் நம்புகிறோம். இடம் மாறியது படம் மட்டும்தான். மேடை உடையில் நாம் கற்க வேண்டியது அதன் வேலைப்பாடு: எந்த அசைவுக்காக அந்த வெட்டு, எங்கே ஏன் மடிப்பு, எவ்வளவு எடை.

சீன இசை நாடகத்தில் 'நீர்க்கை' உண்டு. மணிக்கட்டைத் தாண்டித் தொங்கும் வெள்ளைப் பட்டு அது. நடிகர் அதை வீசியும் சுருட்டியுமே கோபத்தையும் நாணத்தையும் காட்டிவிடுவார். 2015-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் சீனாவும் மேற்கத்திய உடையும் குறித்துக் கண்காட்சி நடத்தியபோது, பெய்ஜிங் நாடக நடிகர் மேய் லான்ஃபாங்கின் மேடை மரபையும், அதிலிருந்து கிளைத்த, ஆடை வடிவமைப்பாளர் ஜான் கலியானோவின் உடைகளையும் சேர்த்தே காட்டியது. மூலத்தையும் ஆக்கத்தையும் அருகருகே வைக்கும் அந்தப் பழக்கம் நமக்கும் வேண்டும்.

கிழக்கே கோவில்பட்டி, மேற்கே சங்கரன்கோவில் என இரண்டுக்கும் நடுவே இருக்கிறது இளையரசனேந்தல். இந்தக் கரிசல் வட்டாரத்துக் கம்பளத்து நாயக்கர்களின் தேவராட்டத்தைப் பாருங்கள். வேட்டி, தலைப்பாகை, காலில் சலங்கை, இரு கையிலும் துணி. கை போகும் தூரத்தைத் துணி நீட்டித் தருகிறது. நீர்க்கையின் தத்துவமும் இதுவே. சங்கரன்கோவிலிலோ தறிகள் ஓடுகின்றன. துணியும் ஆட்டமும் ஒரே வட்டாரத்தில் இருந்தும், இரண்டையும் இணைத்துப் பார்க்கும் வடிவமைப்பாளர்கள்தான் போதவில்லை.

இணைத்துக் காட்டிய முன்னோடி ருக்மிணி தேவி. 1935-ல் அடையாற்றில் மேடையேறிய அவர், கோயில் சிற்பங்களைக் கூர்ந்து பார்த்து நாட்டிய உடையைத் தைத்த உடையாக வகுத்தார். அரைமண்டியில் அமரும்போது விரிகிற விசிறி மடிப்பு இன்று ஊருக்கு ஊர் தையற்கடைகளில் தைக்கப்படுகிறது. அவர் நிறுவிய கலாக்ஷேத்திரம் 1937-லேயே தறியும் அமைத்து, பழைய கரை வடிவங்களைப் புடவைக்குக் கொண்டுவந்தது. ஆட்டத்தின் தேவை, வெட்டு, நெசவு என்ற வரிசையில் அந்த வேலை நடந்ததால்தான் நிலைத்தது.

வட மாவட்டக் கட்டைக்கூத்திலும் இதே பாடம் இருக்கிறது. கிரீடமும் புஜகீர்த்தியும் மார்புப் பதக்கமும் கனமில்லாத மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டியவை. விடிய விடிய ஆடுகிறவருக்குத் தோள் வலிக்கக் கூடாது. விளக்கொளியில் தூரத்திலிருந்தும் தெரிய வேண்டும். சுழலும்போது பாவாடை குடையாக விரிய வேண்டும். தோளை அகலமாகக் காட்டும் ஒரு மேலங்கிக்கோ சுற்றளவு மிகுந்த ஒரு பாவாடைக்கோ இங்கிருந்து கணக்கெடுக்கலாம். அதே சமயம், முடியும் முகவண்ணமும் இன்ன பாத்திரம் என்று சொல்லும் அடையாளங்கள். அவற்றை அலங்காரமாக மட்டும் எடுத்தால் பொருள் சிதையும்.

உரிமை பற்றியும் பேச வேண்டும். 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் புதியதையே பதிவு செய்யும். தலைமுறைகளாக வரும் கூத்து அணிக்கு அதில் காப்பு கிடைக்காது. சட்டம் கேட்காததால் நாமும் கொடுக்காமல் இருப்பது முறையல்ல. அணி செய்யும் கலைஞரை வழிகாட்டியாக அமர்த்தி ஊதியம் கொடுங்கள். விலைச்சீட்டில் அவர் பெயரை அச்சிடுங்கள். விற்பனையில் ஒரு பங்கை எழுத்து ஒப்பந்தமாக்குங்கள்.

இனி இவ்விதழுக்கு மேடை மரபைத் தழுவிய வடிவங்களை அனுப்புவோர், மூல உடையின் படத்தையும், அதிலிருந்து எடுத்த வெட்டின் விளக்கத்தையும், உதவிய கலைஞரின் பெயரையும் அவர் இசைவோடு இணைத்து அனுப்ப வேண்டும். மூன்றும் இருக்கும் ஆக்கங்களையே வெளியிடுவோம்.