கரையிலேயே நிற்பதா?

கொஸ்லாந்தைக்கு அருகே 220 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது தியலும நீர்வீழ்ச்சி. அதன் உச்சியிலுள்ள நன்னீர்த் தடாகங்களில் வெளிநாட்டார் நீந்துகிறார்கள், இரவில் கூடாரமடித்துத் தங்குகிறார்கள். நம் மாவட்டத்துத் தண்ணீர்! நானோ செருப்பைக் கையில் பிடித்தபடி கரையில் நின்றேன். தோட்டத்துப் பீலியில் குளித்து வளர்ந்த எனக்கு இடுப்பளவு ஆழமே பயம்.

“தண்ணிப் பக்கம் போகாதே மகள்” என்பார் உம்மா. அவருடைய பாதுகாப்பு ஏற்பாடு அவ்வளவுதான். பாறையில் கால் வழுக்கினால் அந்த வார்த்தை என்னைத் தூக்கிவிடுமா?

உடைதான் தடையென்பதை ஏற்கமாட்டேன். உடல் மறைக்கும் நீச்சலுடையை அவுஸ்திரேலியாவில் அஹெதா சனெட்டி என்ற முஸ்லிம் பெண் 2004இலேயே வடிவமைத்துவிட்டார். திருகோணமலையில் சுழியோடுவது பிறகு இருக்கட்டும். பதுளையில் வாரம் இரண்டு மணித்தியாலம், பெண்களுக்கு மட்டும், ஒரு பெண் பயிற்றுநர். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேட்பீர்களா, வாப்பா?